புதுப்பாளையத்துக் குடிலும் தில்லி மாளிகையும்

சேலத்திலிருந்து தாரமங்கலம் போகிற யாத்ரிகர்கள், கைலாசநாதர் ஆலயத்து மண்டபத்தில் யாளியின் வாய்க்குள் கைவிட்டுக் கல்லுருண்டையை உருட்டிப் பார்த்தும், ஒரு தூணில் மறைந்து நிற்கும் இராமனுக்கு வாலி தெரிய, வாலிக்கு இராமன் தெரியாதபடி சிற்பி அமைத்திருக்கிற சூட்சுமத்தைக் கண்டு வியந்தும், மனநிறைவோடு ஊர் திரும்புகிறார்கள். அந்த ஆலயத்தை இவ்வளவு பெரிதாக எடுப்பித்த கெட்டி முதலிகள் எந்த வீட்டில் குடியிருந்தார்கள், எந்த முற்றத்தில் உட்கார்ந்து வரி கேட்டு வழக்குத் தீர்த்தார்கள் என்ற கேள்வி எவருக்கும் எழுவதில்லை. எழுந்தாலும் கைகாட்டுவதற்கு ஒரு கட்டடம் இல்லை. அமரகுந்தி அவர்களுடைய தலைநகரமாக இருந்தது என்பது சரித்திரம். தெய்வத்திற்கு அவர்கள் கட்டிய வீடு நிற்கிறது. தங்களுக்குக் கட்டிக்கொண்டது மண்ணோடு மண்ணாயிற்று.

இதே கதை அடுத்த ராஜ்யத்திலும் நடந்தது. திப்பு சுல்தான் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலையும் சேலம் சீமையையும் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தபோது, காப்டன் ரீட் என்ற கலெக்டரின் கீழ் உதவி உத்தியோகஸ்தராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரையில் இந்தப் பிரதேசத்தில் கிராமம் கிராமமாகக் குதிரையேறிச் சென்று நிலம் அளந்தார். குடியானவனோடு சர்க்கார் நேரில் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை உருவெடுத்தது இந்த ஏழு வருஷங்களில்தான். தர்மபுரியில் அவர் ஒரு வீடு கட்டித் தோட்டம் போட்டு, மாற்றலாகிப் போகும்போது அந்தத் தோட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் உறவினருக்குக் கடிதம் எழுதினார். இன்று அந்த வீடும் இல்லை, தோட்டமும் இல்லை. அவர் பெயரைச் சொல்லும் ஒரு கல்தூண் மட்டும் நிற்கிறது. பிற்பாடு சென்னை ராஜதானியின் கவர்னராக வந்த அதே மன்றோவின் காலத்தில் சர்க்கார் வாங்கிய கிண்டி மாளிகையோ, கைமாறிக் கைமாறி இன்றும் ஆளுநர் மாளிகையாக உயிரோடு இருக்கிறது. ஒரே மனிதர் குடியிருந்த இரண்டு வீடுகளில் ஒன்று அழிந்து மற்றொன்று பிழைத்ததற்குக் காரணம், அங்கே அடுத்தடுத்து ஆள் குடியிருந்ததும், கூரை ஒழுகினால் கேட்பதற்கு ஒருவர் இருந்ததும்தான். கட்டடங்களின் ஸம்ரட்சணையைப் பற்றி நான் படித்த நூல்களைக் காட்டிலும், இந்த இரண்டு வீடுகளின் கதியே எனக்கு அதிகம் கற்பித்தது.

அரசாண்டவர்களின் வாசஸ்தலங்களைப் பொதுமக்களுக்காகப் பாதுகாப்பது என்று பேசும்போது நம் நினைவு உடனே தில்லிக்கும் சென்னைக்கும் ஓடிவிடுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்தவனாகிய நான் அதை இங்கிருந்தே தொடங்க வேண்டுமென்று விரும்புகிறேன். ஏனெனில், பழைய சேலம் ஜில்லாவின் எல்லைக்குள் இருந்த இரண்டு கூரைகளின் கீழ் வாழ்ந்த ஒரு மனிதர், இந்த தேசத்தின் ஆகப்பெரிய அரசாங்க மாளிகையிலும் குடியிருந்திருக்கிறார். மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறபோதுதான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்ற விஷயம் துலங்குகிறது.

முதல் கூரை தொரப்பள்ளியில் இருக்கிறது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கும் அந்தக் கிராமம், அன்று ஓசூர் தாலூகாவில், சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தது. இராஜாஜி என்று அழைக்கப்படும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878 டிசம்பர் 10-ஆம் தேதி அங்கே பிறந்தார். அவர் பிறந்த வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாக வைத்துப் பராமரிக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இராஜாஜியின் தந்தையார் அந்த ஊருக்குக் கிராம முன்சீப் என்பதையும், ஆகவே அந்தத் திண்ணையே ஒரு சர்க்கார் ஸ்தலமாக இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. கிராம முன்சீப்புக்குத் தனிக் கச்சேரி கிடையாது. கிஸ்தி வசூலாவதும், ரசீது எழுதுவதும், பிறப்பு இறப்புப் பதிவதும், சில்லறை வியாஜ்ஜியம் விசாரிப்பதும் வீட்டுத் திண்ணையில்தான். ராஜ்யத்தின் கடைசிப் படிக்கட்டு அது. 1980-இல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் எடுக்கப்பட்ட பிறகு, நூறு வருஷத்துக்கு மேல் சர்க்கார் என்பதைக் குடியானவன் கண்ணால் கண்ட இடமாகிய அந்தத் திண்ணை வீடுகளுக்கு நினைப்பாரில்லாமல் போயிற்று. தொரப்பள்ளி வீட்டைக் கவர்னர் ஜெனரலின் ஜன்ம ஸ்தலமாகக் காட்டுவது சரி. ஒரு கிராம முன்சீப்பின் வாசஸ்தலமாகவும் அதைக் காட்டலாம். பையனாக இருந்தபோது அவர் கண்ட முதல் அரசாங்கம் அதுதானே!

இடையில் சேலம் நகரத்தில் அவர் வக்கீலாகப் பெயரும் பொருளும் சம்பாதித்து, 1917-இல் நகரசபைத் தலைவரானார். விஞ்ஞானத்துக்குத் தமிழில் சொல் ஆக்க வேண்டுமென்று 1916-இல் நண்பர்களோடு ஒரு சங்கம் கூட்டிப் பத்திரிகையும் நடத்தினார். அந்த வருஷங்களைப் பற்றிச் சேலத்தில் எவ்வளவோ சொல்லலாம். ஆனாலும் என் மனம் அங்கே தங்காமல் இரண்டாவது கூரையைத் தேடித் திருச்செங்கோட்டுப் பக்கம் போய்விடுகிறது.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில், 1925 பிப்ரவரி 6-ஆம் தேதி இராஜாஜியின் காந்தி ஆசிரமம் தொடங்கியது. ஆற்றுப் பாசனமில்லாத மேட்டு நிலம். மழை பொய்த்தால் சோளமும் கம்பும் பொய்க்கும். அப்படிப் பொய்த்த காலங்களில் கூலிக்கு வழியில்லாமல் கிராமம் கிராமமாகப் பட்டினி கிடக்கும். அந்த ஊரைத் தேடிப்பிடித்து, நல்ல வருமானமுள்ள வக்கீல் தொழிலை முன்பே விட்டிருந்தவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகளோடு ஒரு சிறு குடிலில் வந்து குடியேறினார். இராட்டையில் நூற்ற நூலை எடை போட்டு வாங்குவது, பஞ்சு கொடுப்பது, தறிக்காரருக்கு நூல் பிரித்துத் தருவது, வைத்தியசாலையில் மருந்து கொடுப்பது, கள்ளுக்கடைக்குப் போகாதே என்று ஊர் ஊராய்ச் சொல்வது என்று அங்கே தினமும் நடந்த வேலைகளுக்கெல்லாம் கணக்கு இருந்தது. ஹரிஜனங்களைச் சமமாக வைத்துக்கொண்டதற்காக அக்கம்பக்கத்துக் கிராமத்தாரின் கோபத்தையும் ஆசிரமம் தாங்கிக்கொண்டது. காந்தியடிகள் 1925 மார்ச்சிலேயே வந்து பார்த்தார். மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற மாதப் பத்திரிகை 1929-இல் இங்கிருந்து வெளிவந்தபோது, அதில் துணையாக இருந்து எழுதியவர் பிற்காலத்துக் கல்கி. தமிழ் உரைநடையின் ஒரு கிளை இந்தக் கரட்டு மண்ணில் வேர்விட்டதென்று நான் சொல்வேன்.

அதே ஆண்டுகளில் இதே திருச்செங்கோட்டு வட்டாரத்துக் குமாரமங்கலம் ஜமீன்தாராகிய டாக்டர் பி. சுப்பராயன் சென்னை ராஜதானியின் முதல் மந்திரியாக இருந்தார். 1926 டிசம்பரில் பதவியேற்று 1930 வரையில் இருந்தார். ஒருவர் சென்னையில் ராஜதானியின் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் சில மைல் தொலைவிலிருந்த அதே ஜனங்களின் நூலை எடை போட்டுக்கொண்டிருந்தார். 1937-இல் இராஜாஜி அந்த ராஜதானியின் பிரதம மந்திரியானபோது அதே சுப்பராயன் அவருடைய மந்திரிசபையில் இடம் பெற்றார். ஒரு தாலூகா இரண்டு பிரதம மந்திரிகளைத் தந்தது என்பதைச் சொல்லும் ஒரு பலகைகூட நம் சாலைகளில் என் கண்ணுக்கு அகப்பட்டதில்லை.

மந்திரிசபை அமைத்த அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, மதுவிலக்கு முதன்முதலாக அமுலுக்கு வந்தது சேலம் ஜில்லாவில். கள்ளு, சாராய வருமானம் போன குறையை நிரப்பத்தான் 1939-இல் விற்பனை வரி பிறந்தது. மதுவிலக்கைப் பற்றி எவருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், ஒரு ராஜதானியின் வருமான முறையையே புரட்டிய யோசனை கோட்டைக் கச்சேரியில் உதிக்கவில்லை. புதுப்பாளையத்தில், சனிக்கிழமை கூலி வாங்கிய கணவன் கள்ளுக்கடைக்குப் போய்விட்டான் என்று அழுதுகொண்டு நூல் கொண்டுவரும் பெண்களைத் தினமும் பார்த்த வாழ்க்கையில் ஊறி வளர்ந்தது. பதவி கிடைப்பதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பே பதவியின் வேலை ஒரு குடிலில் தொடங்கிவிட்டது. அரசியல் தலைவரின் வீட்டைப் பாதுகாப்பதென்றால் அந்த வேலையின் தடயத்தைப் பாதுகாப்பதென்றே நான் அர்த்தம் செய்துகொள்கிறேன். தலைவர் உட்கார்ந்த நாற்காலி எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் அவர் எதிரே யார் வந்து நின்றார்கள் என்பதைக் காட்டும் நூல் தராசும் மருந்துப் பதிவேடும் பஞ்சுக் கணக்கும்.

மூன்றாவது கூரை, லட்யன்ஸ் வரைந்து 1929-இல் முடிந்த 340 அறைகளுள்ள தில்லி வைசிராய் மாளிகை, இன்றைய ராஷ்டிரபதி பவன். 1948 ஜூன் 21-ஆம் தேதி இராஜாஜி கவர்னர் ஜெனரலாகி அதற்குள் குடிபுகுந்தார். வைசிராய்கள் படுத்துறங்கிய பிரமாண்டமான பள்ளியறை தமக்கு ஒவ்வாதென்று கண்டு, விருந்தினர் தங்கும் பகுதியிலுள்ள சிறிய அறைக்கு மாறிக்கொண்டார். பின்வந்த ஜனாதிபதிகளும் அந்தச் சிறிய பகுதியிலேயே வசித்தார்கள். உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் மாளிகைத் தோட்டத்தின் ஒரு பாகத்தை உழுது கோதுமை விதைக்கவும் செய்தார். புதுப்பாளையத்துக் குடிலைப் பார்த்தவனுக்கு இது ஆச்சரியமாகத் தோன்றாது; குடிலை அறியாதவனுக்கு இது ஒரு பெரிய மனிதரின் விநோதமாகத்தான் படும். மாளிகையின் ஓர் அறையைப் புரிந்துகொள்ள ஒரு கிராமத்துக் குடில் தேவைப்படுகிறது என்பதாலேயே, இரண்டில் ஒன்றை மட்டும் காப்பாற்றுவது பாதிச் சரித்திரத்தைக் காப்பாற்றுவதாகும்.

காப்பாற்றாமல் விட்டவற்றையும் சொல்லியாக வேண்டும். 1919 மார்ச்சில் சென்னை கதீட்ரல் சாலையில் இராஜாஜி குடியிருந்த வீட்டில் காந்தியடிகள் தங்கியிருந்தபோதுதான், ரௌலட் சட்டத்துக்கு எதிராகத் தேசமெங்கும் ஹர்த்தால் அனுஷ்டிக்கலாம் என்ற எண்ணம், விடியற்காலை அரைத்தூக்கத்தில் அவர் மனத்தில் உதித்தது. அந்த வீடு இன்று இல்லை. அந்த இடத்தில் ஒரு ஹோட்டல் எழுந்திருக்கிறது. ஓமந்தூரார் தோட்டத்தில் கவர்னர்கள் வாழ்ந்த பழைய கவர்ன்மெண்டு ஹவுஸ், புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. 2010-இல் திறந்த அந்த வளாகமும் சில வருஷங்களுக்குள் ஆஸ்பத்திரியாயிற்று. பக்கத்தில் 1802-இல் முடிந்த விருந்து மண்டபம் இராஜாஜி மண்டபம் என்ற பெயரோடு தப்பித்ததற்குக் காரணம், அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று தலைவர்களின் உடலை ஜனங்கள் கடைசியாகப் பார்க்கும் படிக்கட்டாக அது மாறிவிட்டதுதான். மறுபடியும் பார்க்கிறோம்: உபயோகமே கட்டடத்தைக் காக்கிறது.

இதற்கு எதிர்த்தரப்பும் உண்டு. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. பிரதம மந்திரி நேரு 16 வருஷங்கள் வாழ்ந்த தீன் மூர்த்தி மாளிகை, அவர் மறைந்த 1964-ஆம் ஆண்டிலேயே நினைவுக் காட்சிசாலையாயிற்று. அதைப் பார்த்து, காலமான ஒவ்வொரு தலைவரின் சர்க்கார் பங்களாவையும் நினைவு இல்லமாக்கக் குடும்பத்தாரும் கட்சியாரும் கேட்கத் தொடங்கவே, மத்திய மந்திரிசபை 2000-இல் அதைத் தடுத்துத் தீர்மானித்தது. உச்ச நீதிமன்றமும் 2013-இல் அதே கருத்தை வற்புறுத்தியது. சர்க்கார் பங்களா பதவிக்குச் சொந்தம். பதவி வகித்தவருக்குச் சொந்தமில்லை. இந்த நியாயம் எனக்கு முற்றும் சம்மதம். சென்னையில் போயஸ் தோட்டத்து வேதா நிலையம் சர்க்கார் வீடே அல்ல. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் சொந்த வீடு. எடப்பாடி மண்ணிலிருந்து வந்த முதலமைச்சர் பழனிசாமி 2017-இல் அதை நினைவு இல்லமாக்கப் போவதாக அறிவித்து, 2020-இல் அவசரச் சட்டமும் வந்தபின், உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் அந்தக் கையகப்படுத்தலை ரத்து செய்தது. வாரிசுகளின் உரிமை, கடற்கரையில் ஏற்கெனவே நினைவிடம் எழுந்திருப்பது, பொதுப்பணத்தின் கணக்கு எல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டன. ஆகவே வீடு பிரசித்தமானதா என்று கேட்பதை விட்டு, அந்த வீட்டில் என்ன காரியம் நடந்தது, அதன் சாட்சியம் என்ன எஞ்சியிருக்கிறது என்று கேட்டால் தீர்மானிப்பது எளிதாகும். சென்னைத் திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் குடியிருந்த வாடகை வீடு நினைவு இல்லமாக நிற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லாததற்கு, அந்த வீட்டின் எளிமையே சாட்சியமாக நிற்பது காரணம்.

பதவியின் வீடுகளைப் பொறுத்தவரையில் பூட்டி வைத்துப் பூஜை செய்வதைவிட, குடியிருக்கவிட்டுக் குறித்த நாட்களில் ஜனங்களுக்குத் திறந்துவிடுவதே சிறந்தது. ராஷ்டிரபதி பவனில் அதற்கு வழி ஏற்பட்டிருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள ராஷ்டிரபதி நிலையமும் 2023 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மாவட்டங்களில் கலெக்டர் பங்களாக்களையும் பழைய பயணியர் விடுதிகளையும் வருஷத்தில் நான்கு நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காவது திறந்துவிட்டால் ராஜ்யாதிகாரம் ஒன்றும் குறைந்துவிடாது. 1820 முதல் 1829 வரையில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடி கொண்டுவந்து வைத்த கதையை, மலையேறுகிற பிள்ளைகள் அவர் காலத்துச் சுவர் ஒன்றைத் தொட்டுக்கொண்டு கேட்பது வேறு, புத்தகத்தில் படிப்பது வேறு.

காப்பாற்றுவது என்று தீர்மானித்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. காவிரிக் கரையில், பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மூன்று தலைமுறை கிராம முன்சீப்பாக இருந்தவர்களின் வீட்டைச் சென்ற வருஷம் பார்த்தேன். முன் திண்ணை, நடுவில் முற்றம், நாட்டு ஓடு, தேக்குத் தூண். இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ பழுது பார்க்கிறேனென்று சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு பூசியிருக்கிறார்கள். இடுப்பளவு உயரத்துக்கு அந்தப் பூச்சு உப்புப் பூத்துப் பொரிந்து, கையால் தொட்டால் தவிடாய்க் கொட்டியது. என்னோடு வந்த மூத்த கொத்தனார் ஒருவர் கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, “செவுத்துக்கு மூச்சு வேணுமுங்க. சுண்ணாம்பா இருந்தா ஈரத்தெ வாங்கி வெளிய உடுமுங்க. சிமெண்டெப் பூசிப்போட்டா உள்ளயே நின்னு செங்கல்லெத் தின்னு போடுமுங்க” என்றார். கட்டடக்கலை நிபுணர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்தார். சங்ககிரியில் சுண்ணாம்புக் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. அதைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பதம் பார்க்கத் தெரிந்த கைகளுக்குத்தான் பஞ்சம். நினைவு இல்லங்களைப் பராமரிக்கும் டெண்டர்களில் சிமெண்டும் பெயிண்டும் மட்டுமே கணக்கில் வருமானால், தலைவர் வாழ்ந்த வீடு பத்து வருஷத்தில் தலைவர் பார்த்தறியாத வீடாகிவிடும்.

அந்த வீட்டு உள்ளறையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. வீட்டுக்காரர் திறந்து காட்டினார். மேலே கிஸ்தி ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள். கீழே பிறப்பு இறப்புக் கணக்குகளின் நகல்கள், சிவப்புத் துணியில் சுற்றியவை. மூட்டையைத் தூக்கியதும் ஒரு மூலை கரையான் மண்ணாக உதிர்ந்தது. எஞ்சிய ஒரு தாளில், பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணின் வயது இருபது என்று சாயம்போன மையில் எழுதியிருந்தது தெரிந்தது. பெயரிருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. சுவரை மறுபடி பூசிவிடலாம். அந்தப் பெயரை எவராலும் மறுபடி எழுத முடியாது. நூறு வயது நிரம்பி, பாதுகாக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்ட கட்டடங்களுக்குத் தொல்லியல் சட்டம் காவல் நிற்கிறது. நூறு நிரம்பாத வீடுகளுக்கும், வீட்டுக்குள் கிடக்கிற காகிதங்களுக்கும் அந்தக் காவல் எட்டுவதில்லை. நினைவு இல்லங்களைச் செய்தி மக்கள் தொடர்புத் துறை பார்த்துக்கொள்ள, ஆவணங்களை ஆவணக் காப்பகம் பார்த்துக்கொள்ள, வீடும் அதன் கணக்கும் வெவ்வேறு ஊர்களில் பிரிந்து கிடக்கின்றன. 1883-இல் லெபானு எழுதிய சேலம் ஜில்லா மானுவலும், 1918-இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த கெஜட்டியரும் இன்றும் நமக்குப் பயன்படுவது, அந்த உத்தியோகஸ்தர்கள் கச்சேரிக் காகிதங்களையும் ஸ்தலத்தையும் ஒரே சமயத்தில் பார்த்து எழுதியதால்தான்.

புதுப்பாளையம் ஆசிரமம் இன்றும் கதர் ஸ்தாபனமாக இயங்கி வருவது நம்முடைய பாக்கியம். அங்கே காட்சிசாலை அமைப்பவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஓர் இராட்டையைப் போட்டு, நூற்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, 1925-ஆம் வருஷத்துக் கூலி என்ன, அந்தக் கூலிக்கு அன்று எத்தனை படி கம்பு கிடைத்தது என்று ஆசிரமக் கணக்கிலிருந்தே எடுத்து எழுதி வைக்கவேண்டும் என்பது என் விண்ணப்பம். தில்லி மாளிகையின் அந்தச் சிறிய அறையின் படமும் குடிலின் சுவரில் இருக்கட்டும். தொரப்பள்ளித் திண்ணையில் கிராம முன்சீப்பின் கணக்குப் பெட்டி ஒன்று இருக்கட்டும்.

பரமத்தி வேலூர்ப் பக்கத்து வீட்டுக்காரர் அந்த மரப்பெட்டியை எடைக்குப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஐப்பசி மழை இறங்குவதற்குள் ஓட்டைப் பிரித்து மாற்ற வேண்டும். கொத்தனார் இரண்டு மூட்டை சுண்ணாம்புக் கல்லுக்குச் சொல்லியிருக்கிறார். நீற்றுவதற்குப் புழக்கடையில் குழி வெட்டியாயிற்று.